பித்தப்பை ஆபரேஷனில் குழாயையும் படம் எடுக்கச் சொல்லலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 47. பித்தப்பையில் கல். ஆறு மாதத்தில் மூன்று முறை கடுமையான வலி வந்துவிட்டது. அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுப்பதாக முடிவாகியிருக்கிறது. என் அக்காவுக்குப் போன வருடம் இதே ஆபரேஷன் நடந்தது. நான்காவது மாதம் மஞ்சள் காமாலை வந்து, குழாயில் கல் தங்கிவிட்டது என்று எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே பித்தக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது, எல்லோருக்கும் அதை எடுக்க வேண்டும் என்கிறார் அத்தான். என் டாக்டரிடம் கேட்டேன். “உங்களுக்கு அவசியம் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வற்புறுத்திக் கேட்கலாமா? ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் அறிக்கைகளைப் பார்த்தால் டாக்டர் சொன்னதும் சரிதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்று அவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். வெளியே நோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கும்போது முதலில் பலியாவது அந்த ஐந்து நிமிடம்தான். நானும் பலரை அப்படி ஒரு வரியில் அனுப்பியிருக்கிறேன்.

முதலில் அந்தப் படம் என்ன என்று பார்த்துவிடலாம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் வலது, இடது என்று இரண்டு கிளைக் குழாய்களில் இறங்கி, ஒன்றாகச் சேர்ந்து, பொதுப் பித்தக் குழாயாக முன்சிறுகுடலுக்குப் போகிறது. பித்தப்பை இந்தப் பாதையின் ஓரத்தில் தொங்கும் பை. பையையும் பொதுக் குழாயையும் இணைக்கும் சின்னக் குழாய்க்கு சிஸ்டிக் குழாய் என்று பெயர். இந்தச் சின்னக் குழாயையும் பைக்கு வரும் ரத்தக் குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து உரித்து எடுப்பதுதான் ஆபரேஷன்.

படம் எடுப்பதானால், வெட்டுவதற்கு முன் சிஸ்டிக் குழாயில் பை பக்கமாக ஒரு கிளிப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே கத்தரி நுனியால் சின்னதாக ஒரு கீறல் போடுவோம். அதற்குள் மெல்லிய ட்யூப் ஒன்றை நுழைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது; குழாயோ சில மில்லிமீட்டர் அகலம்தான், உள்ளே திருகு திருகாக வால்வு மடிப்புகள் வேறு. ட்யூப் உள்ளே போனதும் சி-ஆர்ம் என்கிற நகரும் எக்ஸ்ரே இயந்திரத்தை மேஜைக்கு மேல் கொண்டுவருவார்கள். எல்லோரும் ஈய அங்கி மாட்டியிருப்போம். மயக்க மருந்து கொடுப்பவர் சில நொடிகள் நோயாளியின் மூச்சை நிறுத்தி வைப்பார். அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாகச் செலுத்தினால் திரையில் முதலில் ஒரு மெல்லிய கோடு. அப்புறம் பொதுக் குழாய் நிரம்பும், முன்சிறுகுடலுக்குள் இறகு மாதிரி விரியும், பின்னர் மேலே கல்லீரலுக்குள் வலது இடது கிளைகள் மரம்போல் தெரியும். எல்லாம் சேர்த்து பத்துப் பதினைந்து நிமிடம். தியேட்டரில் எங்களுக்குள் ஐஓசி என்போம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த மிரிஸி என்ற சர்ஜன் 1931-இல் இதை முதலில் செய்தார். பித்தப்பை ஆபரேஷனுக்கு லேப்ராஸ்கோப்பி வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதல் முறை அப்படிப் பித்தப்பையை எடுத்தார். ஆக, எல்லோருக்கும் எடுப்பதா, தேவைப்படுவோருக்கு மட்டுமா என்ற சண்டை லேப்ராஸ்கோப்பி முறைப் பித்தப்பை ஆபரேஷனைவிடப் பழையது.

இந்தச் சண்டை தீராமல் இருக்க ஒரு காரணம், படம் இரண்டு வேறு வேலைகளுக்காக எடுக்கப்படுகிறது என்பது. ஒன்று, குழாயில் கல் இருக்கிறதா என்று பார்க்க. இன்னொன்று, வெட்டப்போவது சரியான குழாய்தானா என்று பார்க்க. அத்தான் பேசுவது முதலாவதைப் பற்றி. சர்ஜன்கள் ராத்திரி தூக்கமில்லாமல் யோசிப்பது இரண்டாவதைப் பற்றி.

கல் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். குழாயில் கல் இருப்பதற்கான எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு அங்கே கல் இருப்பது நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்குள் அடங்கும். அந்த ஐந்து பேருக்கும் பின்னால் தொல்லை வருமா என்பதுதான் கேள்வி. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 962 பேருக்கு ஆபரேஷனின்போது படம் எடுத்தார்கள். 46 பேருக்குக் குழாயில் ஏதோ அடைத்த மாதிரி நிழல் தெரிந்தது. சிஸ்டிக் குழாயில் ட்யூபை அப்படியே விட்டுவைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். 12 பேருக்கு ஒன்றுமே இல்லை. ஆறு வாரம் கழித்து எடுத்தபோது இன்னும் 12 பேருக்குக் கல்லைக் காணோம். தானாகவே குடலுக்குள் போய்விட்டது. மிச்சம் 22 பேர். நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். இவர்களுக்குத்தான் கல்லை எடுக்க வேண்டியிருந்தது.

உங்கள் அக்கா இந்த 22 பேர் ரகம். மற்ற 24 பேர் யார் கண்ணிலும் படமாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் படம் எடுக்கும்போது இவர்களும் வலையில் விழுகிறார்கள். நிழல் தெரிந்துவிட்டால் சர்ஜன் சும்மா இருக்க முடியாது. அங்கேயே குழாய்க்குள் கருவியை விட்டுத் தேட வேண்டும், அல்லது பின்னால் ஈஆர்சிபி என்கிற எண்டோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டும். ஈஆர்சிபி நல்ல சிகிச்சைதான், உங்கள் அக்காவைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் அதைச் செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வருகிறது.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். எல்லோருக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண், ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். படத்தில் குழாயின் கீழ்ப்பகுதியில் அழகாக வட்டமாக ஒரு நிழல். ட்யூபில் காற்றுக் குமிழி இருந்தால் அதுவும் கல் மாதிரியே தெரியும். மேஜையின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் குமிழி மேலே மிதந்து ஏறும், கல் ஏறாது. அன்று நான் உயர்த்திப் பார்க்கவில்லை. உப்புநீரால் ஒருமுறை அலசிவிட்டு, நிழல் போகவில்லை, கல்தான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் ஈஆர்சிபி. குழாய் காலி. அன்று மாலையே வயிற்று வலி, கணைய அழற்சி, ஒன்பது நாள் படுக்கை. வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தலையை நிமிர்த்த முடியவில்லை.

சரி, இரண்டாவது வேலைக்கு வருவோம். பித்தப்பை ஆபரேஷனில் நாங்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: சிஸ்டிக் குழாய் என்று நினைத்துப் பொதுக் குழாயை வெட்டிவிடுவது. ஆயிரத்தில் மூன்று பேருக்கு நேரலாம், சில இடங்களில் இன்னும் குறைவு. நடந்துவிட்டால் அந்த நோயாளியின் வாழ்க்கையே மாறிவிடும். சிறுகுடலை மேலே கொண்டுவந்து கல்லீரல் குழாயோடு தைக்கும் பெரிய ஆபரேஷன், அது சுருங்கினால் மறுபடியும் காமாலை, காய்ச்சல், வருடக்கணக்கில் மருத்துவமனை.

இது கை நடுக்கத்தால் நடப்பது இல்லை. 2003-இல் இப்படி நேர்ந்த 252 கேஸ்களின் வீடியோக்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்தார்கள். 97 சதவீதத்தில் காரணம் கண் ஏமாந்ததுதான். பித்தப்பையை இழுத்துப் பிடிக்கும்போது பொதுக் குழாய் மேலே கூடாரம்போல் எழும்பி, சிஸ்டிக் குழாய் மாதிரியே நேராக வந்து நிற்கும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. இந்த ‘சந்தேகமே வராது’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அத்தானின் வாதத்துக்கு உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் படம் எடுப்பேன் என்று சொல்லும் சர்ஜனுக்கு, சந்தேகம் வராத கேஸில்தான் விபத்து காத்திருக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் எடுத்தால் விபத்து குறையுமா? அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் கணக்குகளில் 15 லட்சம் ஆபரேஷன்களைப் பார்த்த 2003 ஆய்வு, படம் எடுத்தவர்களில் 0.39 சதவீதம், எடுக்காதவர்களில் 0.58 சதவீதம் காயம் என்றது. அதைப் படித்துவிட்டு நாங்கள் பலர் எல்லோருக்கும் எடுக்க ஆரம்பித்தோம். பத்து வருடம் கழித்து, 2013-இல், டெக்சாஸில் 92,932 பேரின் கணக்கு வெளியானது. முதல் பார்வையில் அதே கதை: 0.21-க்கு எதிராக 0.36. ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. படம் எடுக்கப்பட்டவர்களும் எடுக்கப்படாதவர்களும் ஒரே மாதிரியான நோயாளிகளா என்று கேட்டார்கள். வீங்கி ஒட்டிப்போய், ட்யூபே நுழைக்க முடியாத மோசமான கேஸ் ‘எடுக்காதவர்’ கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். காயமும் அங்கேதான் அதிகம் நடக்கும். அதனால் ஆளை விட்டுவிட்டு, எந்த மருத்துவமனை வழக்கமாக எவ்வளவு எடுக்கிறது என்பதை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ஸ்வீடனில் பித்தப்பை ஆபரேஷன்களுக்கென்றே 2005 முதல் தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அங்கே பெரும்பாலோருக்குப் படம் எடுப்பதுதான் வழக்கம். அந்தப் பதிவேட்டை வைத்து எழுதுபவர்கள் படத்துக்கு ஆதரவாகவே எழுதுகிறார்கள். ஆயிரத்தில் மூன்று பேருக்கு நடக்கும் ஒன்றை, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வில் நிரூபிக்கப் பல்லாயிரக்கணக்கானவர்கள் வேண்டும். அப்படி ஓர் ஆய்வுக்காகக் காத்திருந்து உங்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது.

படத்தால் எனக்கு நேரடியாகக் கிடைத்த லாபம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடைசி கேஸ், எல்லோருக்கும் களைப்பு. பை கொஞ்சம் வீங்கியிருந்தது, ஆனால் குழாய் ‘தெளிவாக’ இருந்தது. கிளிப் போட்டு, கீறி, ட்யூபை நுழைத்தேன். அன்று ட்யூப் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் கீழே ஓடி முன்சிறுகுடலில் விரிந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் செலுத்தச் சொன்னேன். மறுபடியும் கீழேதான் போனது. கல்லீரல் பக்கம் வெறும் கறுப்பு. ஸ்க்ரப் நர்ஸ் கையில் வெட்டுவதற்கான கத்தரி தயாராக இருந்தது. நான் கீறியிருந்தது பொதுக் குழாயை. கிளிப் அதன் குறுக்கே இருந்ததால்தான் மேலே மருந்து ஏறவில்லை. கிளிப்பைக் கழற்றி, சீனியர் ஒருவரை வரவழைத்து, வயிற்றைத் திறந்து, கீறலில் பித்தநீரை வெளியே வடிக்கும் டி-ட்யூப் வைத்துத் தைத்தோம். அந்த மனிதர் ஒரு மாதம் ட்யூபோடு இருந்துவிட்டு நன்றாகிப் போனார். நடந்ததை அவரிடமும் அவர் மகனிடமும் ஒளிக்காமல் சொன்னேன்.

படம் அன்று என் தவறைத் தடுக்கவில்லை. கீறல் விழுந்த பிறகுதான் படமே. பாதிக் கீறல் முழு வெட்டாக மாறாமல் தடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ ஒரு மாத ட்யூபுக்கும் வாழ்நாள் தொல்லைக்கும் உள்ள தூரம். அப்புறம் இன்னொன்று: மேலே ஒன்றும் தெரியவில்லையே என்று நின்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். படம் எடுத்துவிட்டு, கீழே ஓடுகிறது, கல் இல்லை, சரி என்று கத்தரியை வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

கீறலுக்கு முன்னாலேயே தவறைத் தடுக்கும் வழி வேறு. அமெரிக்க சர்ஜன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் எழுதிய மூன்று நிபந்தனைகள். குழாயும் கல்லீரலும் பையும் சூழ்ந்த முக்கோணப் பகுதியில் உள்ள கொழுப்பையும் நாரையும் முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும். பையின் கீழ்ப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலிலிருந்து பிரித்துவிட வேண்டும். அதற்கப்புறம் பைக்குள் போகும் உறுப்புகள் இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்தக் காட்சி கிடைக்கும் வரை எதையும் வெட்டக் கூடாது. கிடைக்கவே இல்லையா, வேறு வழிக்குப் போக வேண்டும்: படம் எடுப்பது, இன்னொரு சர்ஜனைக் கூப்பிடுவது, பையில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு வெளியே வருவது. பாதிப் பையை விட்டுவிட்டு வந்தார் என்று நோயாளிகள் திட்டுவார்கள். என் பார்வையில் அவர்தான் கெட்டிக்காரர்.

பச்சைச் சாயம் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. ஐசிஜி என்ற மருந்தை நரம்பில் போட்டால் கல்லீரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றும். விசேஷ கேமராவில் குழாய்கள் ஒளிரும். கீறல் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். நல்ல துணைதான், ஆனால் தடித்த கொழுப்புக்கும் வீக்கத்துக்கும் அடியில் அந்த ஒளி எட்டாது. குழாய்க்குள் கல் இருக்கிறதா என்பதற்கும் அதை நம்ப முடியாது.

இவ்வளவையும் பார்த்தபின் நான் எங்கே நிற்கிறேன் என்றால், எல்லோருக்கும் எடுத்தே தீர வேண்டும் என்பவர்களோடு இல்லை. ஆறேழு வருடம் அப்படிச் செய்துவிட்டு விட்டவன் நான். ஆனால் விட்ட பிறகு ஒரு விஷயம் உறைத்தது. எப்போதாவது எடுப்பவர்களுக்கு, தேவைப்படும் நாளில் எடுக்க வராது. சரியான ட்யூப் எங்கே என்று நர்ஸ் அலமாரியைக் குடைவார், எக்ஸ்ரே டெக்னீஷியன் டூட்டி முடிந்து போயிருப்பார், சர்ஜனின் கைக்கு அந்த மடிப்புகள் மறந்திருக்கும். பதினைந்து நிமிடம் முக்கால் மணி நேரமாகும், பொறுமை போய் “விடு, தெளிவாகத்தான் இருக்கிறது” என்று சொல்லத் தோன்றும். அதனால் நான் பாதிக்குப் பாதி கேஸ்களில் ஏதாவது ஒரு சாக்கு வைத்து எடுத்துவிடுவேன். பயிற்சியில் இருக்கும் இளைஞர்களையும் எடுக்க வைப்பேன்.

சாக்கு இல்லாமலே கட்டாயம் எடுக்க வேண்டியவர்கள் உண்டு. ரத்தத்தில் பிலிருபினோ (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) கல்லீரல் என்சைம்களோ உயர்ந்திருப்பவர், ஸ்கேனில் குழாய் 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருப்பவர், முன்பு காமாலையோ கணைய அழற்சியோ வந்தவர். இவர்களில் பலருக்கு முன்கூட்டியே எம்ஆர்சிபி என்கிற, பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துவிடுவதும் உண்டு, அதுவும் நியாயமான வழி. பை கடுமையாக வீங்கியவர்களுக்கும், முன்பு வீங்கி அடங்கியவர்களுக்கும் தாராளமாக எடுங்கள் என்று பல சர்ஜன் அமைப்புகள் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. உடல் எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதை மாறிவிட்டதால் பின்னால் அவர்களுக்கு ஈஆர்சிபி செய்வது பெரும்பாடு, கல்லை இப்போதே கண்டுபிடிப்பதுதான் நல்லது.

இனி உங்கள் அறிக்கைகள். குழாய் 4 மில்லிமீட்டர். பிலிருபின், என்சைம்கள் எல்லாம் சரியான அளவில். காமாலையோ கணையத் தொல்லையோ வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லுக்காகப் படம் எடுக்க வற்புறுத்த வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: ரத்தப் பரிசோதனையின் தேதி, உங்கள் மூன்றாவது வலிக்கு ஐந்து வாரம் முந்தையது. ஒவ்வொரு வலியின்போதும் சின்னக் கல் ஒன்று குழாய்க்குள் நழுவியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய சீட்டை வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போகாதீர்கள். கல்லீரல் பரிசோதனையை ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஏதாவது ஏறியிருந்தால், படம் வேண்டாம் என்ற பதில் அப்போது செல்லாது. அதை டாக்டரே சொல்வார்.

டாக்டரிடம் “படம் எடுப்பீர்களா” என்று கேட்டால் இல்லை என்ற அதே பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். “உள்ளே போன பிறகு குழாய் தெளிவாகத் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். படம் எடுப்பேன், இன்னொருவரைக் கூப்பிடுவேன், தேவைப்பட்டால் திறப்பேன், பாதியோடு நிறுத்துவேன் என்று ஏதாவது இரண்டு மூன்று வழி அவர் வாயிலிருந்து வந்தால் நிம்மதியாகப் போய்ப் படுங்கள். “அப்படியெல்லாம் எனக்கு ஆகாது” என்று சிரித்தால் இன்னொருவரைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆபரேஷன் நாளில் தியேட்டரில் சி-ஆர்ம் இயந்திரமும் அதை இயக்க ஆளும் இருப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் கோவித்துக்கொள்ளும் சர்ஜன்கள் குறைவு.

கான்ட்ராஸ்ட் மருந்தால் முன்பு எப்போதாவது ஒவ்வாமை வந்திருந்தால், படம் எடுக்கப்போவதில்லை என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் கூடினால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள். மாதக்கணக்கு கழித்து வந்தாலும் அப்படித்தான், உங்கள் அக்காவுக்கு வந்ததைப்போல.

அக்காவின் பழைய கோப்பு வீட்டில் இருந்தால், முதல் ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனில் குழாயின் அளவையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்திருந்தால், அவருக்கு நேர்ந்தது நூற்றில் இரண்டு பேருக்கு நேரும் துரதிர்ஷ்டம். பிலிருபினோ என்சைமோ அப்போதே ஏறியிருந்தால், அல்லது குழாய் விரிந்திருந்தால், அவருக்கு அன்றைக்கே படம் எடுத்திருக்க வேண்டும். அத்தான் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.